நான்கு நாள் கடல், ஏழு நாள் அடுப்பு

திங்கள், பாம்பன்

ரயில் புதிய பாலத்தில் ஏறியதும் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கைபேசியோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பாலம் இது. தூண்களுக்கு நடுவே உள்ள ஒரு பகுதி செங்குத்தாக மேலே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும். நான் கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். கரையோரம் நாட்டுப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. மாசி மாதம், காற்று ஓய்ந்த நேரம், கடல் தகடு மாதிரி கிடக்கிறது. ஆனாலும் ஒரு வள்ளம்கூட வடகடலில் இல்லை.

காரணத்தைக் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார். "இன்று அவர்கள் நாள், தாயி."

இராமநாதபுரம் மாவட்டத்தின் பாக் விரிகுடாப் பக்கம் வாரத்தைப் பங்கு வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன், சனி விசைப்படகுகள் போகும். அந்த நாட்களில் நாட்டுப்படகுக்காரர் வலை விட்டால், விசைப்படகு இழுத்துப்போகும் இழுவை மடி வலை அதை வாரிக்கொண்டு போய்விடும். இரவில் விட்ட வலை காலையில் கந்தலாகக் கிடைத்த கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. சண்டை முற்றிப்போன காலத்தில் பேசி முடித்த ஏற்பாடு இது. கடலைப் பங்கு பிரிக்க முடியாது என்பதால் கிழமையைப் பிரித்துக்கொண்டார்கள்.

மீனவர்களைப் பற்றிய செய்தி என்றால் படகு, கைது, கச்சத்தீவு ஆகிய மூன்றும்தான் நமக்கு வந்து சேர்கின்றன. அவை பொய்யான துயரங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இலங்கை 2017இல் இழுவைமடியைத் தடைசெய்தது; அக்கரையில் வடமாகாணத் தமிழ் மீனவர்கள் இந்தக் கரையின் விசைப்படகுகளால் வலை இழந்தது உண்மை; இக்கரையிலிருந்து போய்ப் பிடிபட்ட படகு திரும்பாமல் குடும்பம் நொடித்துப்போவதும் உண்மை. ஆனால் எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. வாரத்தில் நான்கு நாள் கடல், அதிலும் பாடு, அதாவது வலையில் கிடைக்கும் மீன், நிச்சயமில்லை. அடுப்பு ஏழு நாளும் எரிகிறது. அது எப்படி எரிகிறது என்று பார்க்கவே வந்தேன்.

பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தெற்கு கொந்தளிக்கும், வடக்கு சாதுவாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை பிடித்தால் தலைகீழ். அதனால் காற்றுக்குத் தக்கபடி படகைப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் அடுத்த கடலில் கட்டிவிடுவார்கள். இதற்கு ஒரே வலை போதாது. நண்டு வலை, சூடை வலை, முரல் வலை என்று ஒரு வீட்டில் நாலைந்து வகை இருக்கும். எல்லாவற்றுக்கும் பணம் போட்டாக வேண்டும். ஒரு மீன் வராத மாதத்தில் இன்னொன்றைப் பிடிப்பதற்காகத்தான் இத்தனை வலையும்.

பெரியவர் வலை பொத்திக்கொண்டே இருந்தார். கடலுக்குப் போகாத நாளும் வேலைநாள்தான். கூலி கிடையாது, அவ்வளவுதான்.

செவ்வாய், பாம்பன்

விடியுமுன்னே கரைக்குப் போய்விட்டேன். கடலுக்குப் போன வள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் வந்ததில் நண்டு. நீலக்கால் நண்டு, வலையோடு பின்னிப்பிணைந்து உயிரோடு கிடந்தது.

படகு மணலைத் தொடுமுன்பே பெண்கள் காத்திருந்தார்கள். வலையை மணலில் பரப்பி ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். நண்டு கழற்றுவது லேசான வேலை என்று நினைத்திருந்தேன். ஒரு அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கொடுக்கு இரண்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்கிறார். பிறகு பின்கால் துடுப்பிலிருந்து கண்ணியை எடுக்கிறார், அப்புறம் ஓட்டின் முள்ளிலிருந்து, கடைசியாகக் கொடுக்கிலிருந்து. வரிசை மாறினால் கண்ணி இன்னும் இறுகும். அவசரப்பட்டு இழுத்தால் கால் ஒடியும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை குறைவு, அறுந்த கண்ணிக்கு மறுநாள் வேலை. அவர் ஒரு நண்டைக்கூட ஒடிக்கவில்லை. பேசிக்கொண்டேதான் செய்தார்.

கணக்கையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவருடைய கணவர் இந்த வள்ளத்தின் சொந்தக்காரர். தானும் கடலுக்குப் போகிறவர். ஊருக்கு ஊர், வலைக்கு வலை பங்கு முறை மாறும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மணலில் விரலால் கோடு போட்டார்.

"பத்தாயிரத்துக்குப் பாடு என்று வைத்துக்கொள், தங்கச்சி. ஏலம் போடுகிறவருக்கு நூற்றுக்கு ஐந்து, ஐந்நூறு போய்விட்டது. எண்ணெய், ஐஸ், சாப்பாடு எல்லாம் மூவாயிரம். மீதி ஆறாயிரத்து ஐந்நூறு. அதில் பாதி படகுக்கும் வலைக்கும். மறுபாதி நாலு பேருக்கு."

ஆளுக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு. நாலு நாளும் இப்படியே பாடு கிடைத்தால் 3,250. அதை ஏழால் வகுத்தால் நாளுக்கு 464 ரூபாய். இது நல்ல வாரத்தின் கணக்கு. புயல் எச்சரிக்கை வந்தால், இயந்திரம் நின்றால், நீவாடு என்கிற நீரோட்டம் கடுமையாக இருந்தால் இந்த 464ஐயும் மறந்துவிட வேண்டியதுதான்.

எண்ணெய்ச் செலவு பாடு இல்லாவிட்டாலும் உண்டு. அதனால் வெறும் வலையோடு திரும்பும் நாளில் ஆளுக்கு ஒன்றுமில்லை, படகுக்குக் கடன். பங்கு முறையின் நியாயம் இதில்தான் இருக்கிறது: நட்டம் ஒரே தலையில் விழாமல், போனவர் எல்லாரும் அதைத் தாங்குகிறார்கள். கூலிக்கு ஆள் வைத்தால் ஒரு மோசமான மாதத்தில் சம்மாட்டி, அதாவது படகின் சொந்தக்காரர், படகை விற்க வேண்டிவரும். இன்னொன்றும் பார்த்தேன். ஏலத்துக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் கறிக்கு என்று கொஞ்சம் மீன் எடுத்துக்கொண்டார்கள். அது எந்தக் கணக்கிலும் வரவில்லை. பாடு குறைந்த நாளிலும் வீட்டில் சோற்றுக்குக் குழம்பு இருப்பது அந்தக் கைப்பிடி மீனால்தான்.

பிறகுதான் எனக்கு உறைத்த விஷயம். ஏலத்தில் மற்ற படகுகளின் நண்டுக்கு வியாபாரிகள் விலை கூட்டிக்கொண்டே போனார்கள். அக்காவின் நண்டு ஏலத்துக்கே வரவில்லை. நேராக ஒரு வியாபாரியின் பெட்டிக்குப் போனது. விலையை அவரே சொன்னார், அவரே எழுதிக்கொண்டார். இயந்திரம் வாங்க அவரிடம் முன்பணம் பெற்றிருக்கிறார்கள். அதற்கு வட்டி கிடையாது. அந்தக் கடன் தீரும்வரை மீன் அவருக்குத்தான்.

வட்டி இல்லை என்பதைக் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏல விலையைவிடக் கிலோவுக்குக் குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வட்டிதானே? சாதாரண வட்டி என்றால் அசல் குறையக் குறைய அதுவும் குறையும். இதுவோ பாடு கூடக் கூட ஏறும், அசல் அப்படியே நிற்கும். நன்றாகப் பிடித்த வருடத்தில்தான் இவர்கள் அதிகம் இழக்கிறார்கள். எனக்குக் கோபமாக வந்தது. அக்காவுக்குக் கோபம் இல்லை.

"போன வருடம் இவருக்கு நெஞ்சு வலி வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு அந்த அண்ணன்தான் காரும் பணமும் கொடுத்தார். பேங்கில் அந்நேரம் யாரைப் போய்க் கேட்பேன்?"

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவசரத்துக்கு உதவுகிறவர் விலையைத் தீர்மானிக்கிறவராகவும் இருப்பதுதான் சிக்கல். இரண்டையும் பிரிக்கும் ஏற்பாடு கரையில் வராதவரை, மானியத்தில் புது வலை கொடுத்தாலும் கூடுதல் மீன் அதே பெட்டிக்குத்தான் போகும்.

புதன், சின்னப்பாலம்

பாம்பனிலிருந்து நடந்துவிடும் தூரம். இன்று மறுபடி விசைப்படகு நாள். ஆனால் இந்த ஊர் பார்ப்பது வேறு காலண்டர். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நாட்களில் இங்குள்ள பெண்கள் பாசி எடுக்கப் போகிறார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள். தெற்கே குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான் தீவுகளைச் சுற்றிக் கடலடிப் பாறைகளான பார்களில் வேலை. படகில் போய் இறங்கி, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்தைக் கையால் பறிக்கிறார்கள். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் முதல் ஆய்வகங்களில் கிருமி வளர்க்கும் தட்டு வரை அது போகிறது. கட்டக்கோரை என்ற இன்னொரு பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள்.

நான் போனபோது அவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்கு நீர்க்கண்ணாடி, இடுப்பில் கட்டிய வலைப்பை, காலில் ரப்பர் செருப்பு. ஒரு பெரியம்மா படிக்கட்டில் உட்கார்ந்து விரல்களிலிருந்து துணிச் சுற்றை அவிழ்த்தார். பத்து விரலிலும் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தார். கையுறை போட்டால் பாசியின் வேர் பிடிபடாது, துணிதான் சரி என்றார். அவிழ்த்த பிறகு பார்த்தேன். நுனிவிரல் தோல் வெளுத்துச் சுருங்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். சில பழையவை, சில இன்று காலையினுடையவை. உப்புநீர் பட்டு அவை ஆறுவதற்குள் அடுத்த வற்று வந்துவிடும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த இடம் ஒருநாள் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. வனத்துறை பிடித்தால் அபராதம், பறித்த பாசியும் போகும். 2001இல் கடல் அட்டையும் காட்டுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. அதைக் குளித்து எடுத்த ஆண்களின் பிழைப்பு ஒரே அறிவிப்பில் நின்றது. பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பெண்களுக்கும் இல்லை. தடை மட்டும் வந்தது, மாற்று வரவில்லை என்பதே அவர்கள் வருத்தம்.

இவர்களே தங்களுக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டைக் கேளுங்கள். இரும்புச் சுரண்டி கூடாது, கைதான். மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் கூடாது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பாசி வளர விட்டு 45 நாள் நிறுத்திவைக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடுகளுக்காகவும் உரிமைக்காகவும் பெண்களைத் திரட்டிய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. இங்கே அதை ஊரின் விருதாகவே சொல்கிறார்கள்.

இந்த வருமானத்தின் குணத்தைப் பெரியம்மா விளக்கினார். வீட்டுக்காரரின் பங்கு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. பாசிக் காசு வற்றுக்கு வற்று வரும். அதனால் அரிசி, பள்ளிக்கூடம், வாரத் தவணை எல்லாம் பாசியின் பொறுப்பு. வலை, இயந்திரம், கல்யாணம் கடலின் பொறுப்பு. பெரிய செலவுகளை ஆண் செய்கிறார், பெயரும் அவருக்கு. வீடு நிற்பது பெண் கொண்டுவரும் சிறுகாசில். பாட்டி கருவாடு காய வைத்து விற்கிறார், மருமகள் நண்டு கழற்றப் போகிறாள், பேரன் லீவு நாளில் ஐஸ் பெட்டி தூக்குகிறான். ஒன்று நின்றால் இன்னொன்று தாங்கும்படி பல வருமானங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் பாசியிலும் விலை அவர்கள் கையில் இல்லை. காய்ந்த பாசியில் மண் இருக்கிறது, ஈரம் இருக்கிறது என்று வியாபாரி எடையில் கழிக்கிறார். எவ்வளவு கழிப்பது என்பது அவர் வாயில். நேற்றுக் கரையில் கேட்ட அதே கதை.

வியாழன், மண்டபம்

நாள் முழுக்க அலைச்சல், எழுதுவதற்குக் கொஞ்சம்தான். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு இந்த ஊரில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போய்விட்டது. இங்கே நண்டு அவித்துச் சதை எடுக்கும் கம்பெனிகளில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கரையில் உயிரோடு கழற்றிய நண்டு இங்கே வெள்ளைச் சதையாகி, டப்பாவில் ஏறி அமெரிக்காவுக்குப் போகிறது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்களிடம் பேசினேன். கூலி பெரிதில்லை, ஆனால் தேதி தவறாமல் வருகிறது. அதைக் காட்டித்தான் குழுவில் கடன் வாங்க முடிகிறது என்றார்கள். நண்டு குறைந்த மாதத்தில் கம்பெனியும் ஆள் குறைக்கும். ஆக இந்தக் கூலியும் கடைசியில் கடலை நம்பித்தான்.

வெள்ளி, தனுஷ்கோடி

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த இடத்தில் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. மணலைக் கையால் தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரும், இரண்டு பக்கமும் கடலும் இருப்பதால் அவர்களுக்கு இது ஊர்.

கரைவலை இழுப்பதைப் பார்த்தேன். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் அரைவட்டமாகச் சுற்றி வலையை இறக்கி, மறு முனையைத் தள்ளி ஒரு இடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னோக்கி நடக்கிறார்கள். முன்னால் இருப்பவர் தண்ணீரில் நிற்கிறார், கடைசி ஆள் மணல்மேட்டில். கடைசியில் போய்ச் சேர்ந்தவர் கயிற்றை விட்டு முன்னால் ஓடிவந்து மறுபடி பிடிக்கிறார். மடி கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளே காரல், நெத்திலி, கொஞ்சம் சூடை, நிறையச் சொறி என்கிற ஜெல்லிமீன். இழுத்தவர்களில் எழுபது கடந்தவரும் இருந்தார், பள்ளி முடித்த பையனும் இருந்தான். படகில் போகத் தெம்பில்லாதவருக்கும் பங்கு கொடுக்கிற தொழில் இது. வலைக்காரருக்கு ஒரு பாகம், இழுத்தவர்களுக்கு ஒரு பாகம். கயிற்றைத் தொட்டவர் யாரும் வெறுங்கையோடு போவதில்லை.

2017இல் அரிச்சல்முனைக்குச் சாலை போட்ட பிறகு வீடுகளின் கணக்கு மாறியிருக்கிறது. சங்கு, பாசிமணி, பொரித்த மீன் என்று பெண்கள் சாலையோரம் கடை போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் கணவர் கரைவலையில், மனைவி கடையில். காலையில் பிடித்த மீன் மத்தியானம் அவர் வாணலியில் பொரிகிறது. எடை போட்டுக் கழிக்க நடுவில் ஆளில்லை, விலையை அந்த அம்மாதான் சொல்கிறார். இந்த வாரம் முழுவதிலும் தன் மீனுக்குத் தானே விலை சொன்ன ஒருவரை இங்கேதான் பார்த்தேன். அந்தக் கடைக்கு நிலத்தில் எந்த உரிமையும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

சனி, தங்கச்சிமடம்

பாம்பன் அக்காவின் தங்கை வீடு. கோடு போட்ட நோட்டு ஒன்றில் நான்கு வருடக் கணக்கு வைத்திருக்கிறார். நான் இந்தப் பயணத்தில் பார்த்தவற்றிலேயே மிக மதிப்பானது அந்த நோட்டு.

கணவர் விசைப்படகில் கூலிப்பங்கு ஆள், மூத்த மகன் நாட்டுப்படகில். ஒரே வீட்டில் இரண்டு தரப்பும்! ஏன் என்று கேட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, நாட்டுப்படகு போகும். கணவருக்கு வேலை இல்லாதபோது மகனுக்கு உண்டு. தடைக்காலத்தில் கணவர் கேரளாவுக்குப் போய்விடுவார். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. மே மாதக் கேரளப் பணம் நோட்டில் தனி வரியாக இருக்கிறது.

தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். 61ஆல் வகுத்தால் நாளுக்கு 131. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டினால் மாநிலமும் மத்தியும் சேர்த்து 4,500 ஆகத் திரும்பும். அந்த 1,500ஐ அவர் ஒருபோதும் தவறவிட்டதில்லை. "மூன்று மடங்காகத் திரும்பும் பணத்தை யாராவது விடுவார்களா?" என்றார். உண்மைதான். ஆனால் அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வரும் என்பது தெரியாததால், நோட்டில் அதற்கு எதிரே எந்தச் செலவையும் எழுதி வைப்பதில்லை.

நாட்டுப்படகுக்கு வாரத்தில் நான்கு நாள் என்று திங்களன்று எழுதினேன். இந்த வீட்டில் அது மூன்று. ஞாயிறு தேவாலயத்தில் பூசை, கடலுக்குப் போவதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மகன் வந்தான். பழைய இயந்திரம் இனி தாங்காது, வியாபாரி முன்பணம் தருகிறேன் என்கிறார், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான். அம்மா உடனே நோட்டைத் திறந்து அக்கா வீட்டு நண்டுக் கணக்கைக் காட்டினார். அக்காவிடம் கேட்டு வாரா வாரம் எழுதி வைத்திருக்கிறார்: ஏல விலை ஒரு வரிசையில், அக்காவுக்குக் கிடைத்தது அடுத்த வரிசையில், வித்தியாசம் சிவப்பு மையில்.

"நகையை வைக்கலாம்" என்றார்.

"வட்டி கட்ட வேண்டுமே, அம்மா."

"கட்டுவோம். வட்டி எவ்வளவு என்று சீட்டில் எழுதியிருக்கும். இதில் எழுதியிருக்கிறதா, பார்."

மகன் சிவப்பு வரிசையை மேலிருந்து கீழாக ஒருமுறை கூட்டிப் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசவில்லை. திங்கள் காலை இருவரும் வங்கிக்குப் போகிறார்கள்.

நான் அன்று தொண்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் இருப்பேன். அங்கே வளமாவூரில் 127 கோடி ரூபாய்த் திட்டமாகக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. மூங்கில் தெப்பத்தில் கப்பாபைகஸ் பாசி கட்டி, 45 நாளில் அறுவடை செய்யும் பெண்கள் அந்தக் கரை நெடுக இருக்கிறார்கள். 2013க்குப் பிறகு கடல் சூடேறிப் பாசி மடிந்தபோது அந்த நட்டத்தை யார் தாங்கினார்கள் என்றும், இப்போது எடையைப் பார்த்து விலையைச் சொல்வது யார் என்றும் அவர்களிடம் கேட்க வேண்டும்.